பில் விதர்ஸ் பாட்டை நிறுத்தியது சோம்பலா?

வாசகர் ஒருவர் கேட்டது:

"சோல் என்கிற அமெரிக்கக் கறுப்பர் பாட்டென்றால் மேடையிலேயே உயிரைக் கொடுப்பது. ஜேம்ஸ் பிரவுன் எழுபதைத் தாண்டியும் மேடையேறினார். அரீத்தா ஃபிராங்க்ளின் உடம்பு முடியாத காலத்திலும் பாடினார். பில் விதர்ஸ் என்ன செய்தார்? 1985-க்குப் பிறகு ஒரு ஆல்பம் கிடையாது. 2020-ல் சாகும்வரை வீட்டில் உட்கார்ந்து ராயல்டி வாங்கினார். நாலு ஹிட் கொடுத்துவிட்டுச் சோம்பிக் கிடந்தவரைப் போய் ஏன் தலையில் தூக்கிவைத்து ஆடுகிறீர்கள்?"

ஜூன் 7

நாலு ஹிட் என்ற கணக்கை அப்புறம் வைத்துக்கொள்ளலாம். அவர் எந்த வயதில் உள்ளே வந்தார் என்று முதலில் பாருங்கள். 1938 ஜூலை 4-ல் மேற்கு வர்ஜீனியாவில் ஸ்லாப் ஃபோர்க் என்ற நிலக்கரிச் சுரங்க ஊரில் பிறந்தவர், ஆறு பிள்ளைகளில் கடைசி. பக்கத்து பெக்லியில் வளர்ந்தார். இவருக்கு 13 வயதாகும்போது அப்பா இறந்துவிட்டார். 17 வயதில் கடற்படையில் சேர்ந்து 9 வருடம் இருந்தார். முதல் ஆல்பம் 1971-ல் வரும்போது வயது 33-ஐத் தொடுகிறது. அதே 1971-ல் ஸ்டீவி வொண்டருக்கு 21 வயதுதான், ஆனால் அதற்குள் பத்து வருட சர்வீஸ்! சோல் பாடகர்களில் பாதிப் பேர் சர்ச்சில் பாடிப் பழகி, மீசை முளைக்கும் முன்பே இந்தத் தொழிலுக்கு வந்தவர்கள், வேறு வேலை பார்த்தே இருக்க மாட்டார்கள். இவர் பார்த்திருக்கிறார். லாஸ் ஏஞ்சலஸ் பக்கம் பர்பேங்கில் வெபர் ஏர்கிராஃப்ட் கம்பெனியில் போயிங் 747 விமானத்துக்குக் கழிப்பறை செய்துகொண்டிருந்தார். முதல் ஆல்பத்தின் அட்டையில் சாப்பாட்டுப் பெட்டியோடு நிற்கிறாரே, அது அவர் வேலை பார்த்த இடத்திலேயே மதியச் சாப்பாட்டு நேரத்தில் எடுத்த படம்.

அதனால் "விட்டுவிட்டார்" என்று சொல்லும்போது, எதை விட்டார், விட்டால் என்ன ஆகும் என்று அவர் நினைத்திருப்பார் என்பதையும் சேர்த்துப் பேசுங்கள். கையில் ஒரு தொழில் இருப்பவனுக்கு வேலையை விடுவதில் அவ்வளவு பயம் இருக்காது.

ஜூன் 7, இரவு

கழிப்பறை செய்தார் என்றதும் சிரித்தவர்களுக்கு ஒரு கூடுதல் தகவல். 'எய்ன்ட் நோ சன்ஷைன்' விற்பனையில் தங்கத் தட்டு வாங்கியதும் ரெக்கார்டு கம்பெனி அவருக்குக் கொடுத்த பரிசு, தங்க நிறத்தில் ஒரு கழிப்பறை இருக்கை. நான் கதை விடவில்லை.

இன்னொன்று அவரே சொன்ன கதை. அந்தத் தொழிற்சாலையில் லே-ஆஃப் கொடுத்து அனுப்பியிருந்தார்கள். அப்புறம் இரண்டு கடிதம் வருகிறது. ஒன்று வேலைக்குத் திரும்பி வரச் சொல்லி, இன்னொன்று ஜானி கார்சனின் டிவி நிகழ்ச்சிக்கு வரச் சொல்லி. எதற்குப் போனார் என்று தெரியும், ஆனால் நான் அந்த இடத்தில் இருந்திருந்தால் முதல் கடிதத்தைப் பத்திரமாக எடுத்து வைத்திருப்பேன்.

ஜூன் 9

மேலே ஒருவர் "குரலில் அப்படி என்ன இருக்கிறது, பேசுகிற மாதிரிதானே பாடுகிறார்" என்று கேட்டிருக்கிறார். இதற்கு நீளமாகத்தான் பதில் சொல்ல வேண்டும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

விதர்ஸுக்கு 28 வயதுவரை திக்குவாய். எனக்கும் உண்டு. இப்போது ஓரளவு சமாளிக்கிறேன், ஆனால் பள்ளிக்கூடத்தில் வருகைப் பதிவு எடுக்கும்போது "உள்ளேன் ஐயா" சொல்வதற்கு முன்னால் வயிற்றைப் பிசையும். என் பெயர் வருவதற்கு நாலு பெயர் முன்னாலிருந்தே மூச்சைச் சேர்த்து வைப்பேன். ஒரு வேலைக்கான நேர்முகத்தில் என் சொந்த ஊர்ப் பெயரைச் சொல்ல முடியாமல் பக்கத்து ஊர்ப் பெயரைச் சொல்லிவிட்டு வந்தேன், வாய்க்கு அதுதான் சுலபமாக வந்தது. திக்குகிறவர்கள் எல்லோருக்கும் இது பழக்கம்தான். மாட்டிக்கொள்ளும் சொல் வருகிறது என்று இரண்டு சொல் முன்னாலேயே தெரியும், வாக்கியத்தை அங்கேயே திருப்பிவிடுவோம். அதனால் நிறையப் பேச மாட்டோம். பேசினால் சின்னச் சொல்லாக, நிச்சயமாக வாயில் வந்துவிடும் சொல்லாகப் பார்த்துப் பேசுவோம்.

இப்போது விதர்ஸ் பாட்டுகளைக் கேளுங்கள். சொற்கள் எல்லாம் சின்னச் சின்னவை. அலங்காரம் கிடையாது. ஒரு வரியைச் சொல்லிவிட்டு நிறுத்துகிறார், அந்த இடைவெளியை நிரப்ப அவசரப்படுவதில்லை. மற்ற சோல் பாடகர்கள் ஒரு எழுத்தைப் பிடித்து ஏழு சுரத்துக்கு இழுக்கும் இடத்தில் இவர் நேராக இறங்கி வந்து நின்றுகொள்கிறார். பாடும்போது திக்காது என்பது எனக்கும் தெரியும் (திக்குகிறவர்களில் பெரும்பாலோருக்குப் பாட்டில் தடங்கல் வராது), ஆகவே இது தடங்கலுக்குப் பயந்து செய்தது என்று சொல்ல மாட்டேன். வருடக்கணக்காகச் சொல்லை எண்ணி எண்ணிச் செலவழித்த ஆள் பாட்டு எழுதினாலும் அப்படித்தான் எழுதுவார் என்பது என் எண்ணம். ஆதாரம் கேட்காதீர்கள், காது சொல்கிறது.

அவரைப் பற்றி 2009-ல் ஒரு ஆவணப்படம் வந்தது. அதில் திக்கும் பிள்ளைகள் நடத்தும் நாடகக் குழு ஒன்றைப் பார்க்கப் போகிறார். அந்தக் காட்சியை நான் முழுசாகப் பார்த்ததில்லை. ஒவ்வொரு தடவையும் கொஞ்சம் தள்ளிவிட்டுத்தான் பார்க்கிறேன்.

ஜூன் 10

"பேசுகிற மாதிரி" என்பதை நான் ஒத்துக்கொண்டதாக எடுத்துக்கொண்டு அதையே பிடித்துத் தொங்க வேண்டாம். 1977-ல் வந்த 'லவ்லி டே' பாட்டின் கடைசியில் ஒரே சுரத்தை 18 விநாடி பிடிக்கிறார். கடிகாரத்தை வைத்துக்கொண்டு நீங்களும் முயன்று பாருங்கள், வீட்டில் ஆள் இல்லாத நேரமாகப் பார்த்து.

ஜூன் 13

முதல் ஆல்பம் பதிவான கதையை ஒருவர் கேட்டார். கிளாரன்ஸ் அவன்ட் நடத்திய சசெக்ஸ் என்ற சின்னக் கம்பெனி. தயாரிப்பாளர் புக்கர் டி. ஜோன்ஸ். மெம்ஃபிஸில் சோல் பாடகர் ஓட்டிஸ் ரெடிங்குக்குப் பின்னால் வாசித்தாரே, அவரேதான். தன் பழைய கூட்டாளிகள் டக் டன், அல் ஜாக்சன் இருவரையும் கூட்டிவந்தார், கிடாருக்கு ஸ்டீஃபன் ஸ்டில்ஸ். யாரைக் கேட்டாலும் வாயைப் பிளக்கும் அணி அது. விதர்ஸ் ஸ்டுடியோவுக்குள் வந்து, இந்தப் பாட்டுகளை யார் பாடப்போகிறார்கள் என்று புக்கர் டி.யைக் கேட்டாராம். நீதான் என்று பதில். பொய்யடக்கம் என்று சிலர் சொல்வார்கள், நான் நம்புகிறேன். கடற்படையில் இருந்து வந்து, அடகுக்கடையில் கிடார் வாங்கி, வேலை நேரம் போக மீதி நேரத்தில் பாட்டு எழுதிய ஆளுக்கு அப்படித்தான் தோன்றியிருக்கும்.

பாட்டுத் தொழிலுக்குள் வர அவருக்கு ஆசை வந்த கதை இன்னும் நன்றாக இருக்கும். ஓக்லாந்தில் ஒரு கிளப்புக்கு லூ ரால்ஸ் பாட வருகிறார், நேரத்துக்கு வரவில்லை. வாரம் 2,000 டாலர் கொடுக்கிறேன், நேரத்துக்கு வரத் தெரியாதா என்று மேலாளர் கத்துகிறார். விதர்ஸுக்கு அப்போது மணிக்கு 3 டாலர் கூலி. அதற்குள் லூ ரால்ஸ் உள்ளே வருகிறார், பெண்கள் எல்லாம் அவரைச் சுற்றிக்கொள்கிறார்கள். அங்கேதான் முடிவெடுத்தாராம். தெய்வ அருள், உள்ளுணர்வு என்றெல்லாம் அளக்காமல் சம்பளத்தைப் பார்த்துத் தொழிலுக்கு வந்தேன் என்று சொல்கிற பாடகரை எனக்குப் பிடிக்கும்.

'எய்ன்ட் நோ சன்ஷைன்' நடுவில் 'ஐ நோ' என்பதையே 26 தடவை சொல்கிறாரே, அங்கே வேறு வரி எழுதிப் போடுவதாகத்தான் எண்ணம். கூட இருந்தவர்கள் அப்படியே விட்டுவிடச் சொன்னார்கள். பெரிய பெரிய ஆட்கள், நான் தொழிற்சாலைக்காரன், கேட்டுக்கொண்டேன் என்று பின்னாளில் சொன்னார். ரெக்கார்டில் இது முதல் பக்கம்கூடக் கிடையாது. 'ஹார்லெம்' முதல் பக்கம், இது பின்பக்கம். ரேடியோக்காரர்கள் திருப்பிப் போட்டார்கள். பில்போர்டு பாட்டுத் தரவரிசையில் 3-ஆம் இடம், அடுத்த வருடம் கிராமி விருது.

ஜூன் 14

ஆமாம், மைக்கேல் ஜாக்சன் சிறுவனாக இருந்தபோது பாடியதும் இதே 'எய்ன்ட் நோ சன்ஷைன்'தான், 1972-ல். நான் முதலில் கேட்டது அதைத்தான், ஒரு நண்பனின் கலவை கேசட்டில். நல்ல பாட்டுதான். ஆனால் பதிமூன்று வயசுப் பையனுக்கு இந்தத் துக்கம் எங்கிருந்து வரும்?

ஜூன் 20

சரி, முக்கியமான விஷயத்துக்கு வருகிறேன். 1985-ல் நிறுத்தினார் என்கிறீர்கள். அதற்கு முந்தைய ஆல்பம் எந்த வருடம்? 1978. நடுவில் ஏழு வருடம் சொந்த ஆல்பம் இல்லை. சோம்பல் என்றால் அங்கேயே ஆரம்பித்திருக்க வேண்டும், இல்லையா? அந்த ஏழு வருடத்தில் என்ன நடந்தது என்று பாருங்கள்.

சசெக்ஸ் 1975-ல் மூழ்கியது. விதர்ஸ் கொலம்பியாவுக்குப் போனார். பெரிய கம்பெனி, பெரிய அலுவலகம். அங்கே இருந்த அதிகாரிகளுக்கு இவர் பாட்டை எப்படி விற்பது என்றே தெரியவில்லை. எல்விஸ் பாடிய 'இன் தி கெட்டோ'வைத் திருப்பிப் பாடேன் என்று ஒருவர் யோசனை சொன்னாராம். வறுமையைப் பற்றிப் பாட, நிலக்கரி ஊரில் பிறந்தவனுக்கு எல்விஸ் பாட்டு! கறுப்பர்களின் ரசனை தங்களுக்குத்தான் தெரியும் என்று நினைத்துக்கொண்டிருந்த வெள்ளை அதிகாரிகளை அவர் கடைசிவரை கேலி செய்துகொண்டிருந்தார். கொண்டுபோன பாட்டுகளைத் தள்ளிவிட்டார்கள், ஸ்டுடியோவுக்குள் நுழையவே முடியவில்லை.

அந்த நேரத்தில்தான் வெளி ஆட்களோடு சேர்ந்து பாடுகிறார். 1980-ல் க்ரூசேடர்ஸ் குழுவோடு 'சோல் ஷாடோஸ்'. அப்புறம் சாக்சபோன்காரர் க்ரோவர் வாஷிங்டன் ஜூனியர் ஆல்பத்தில் 'ஜஸ்ட் த டூ ஆஃப் அஸ்', வேறு கம்பெனிக்கு. 1981-ல் பில்போர்டில் 2-ஆம் இடம், மறுபடி கிராமி. சொந்தக் கம்பெனி சீண்டாத ஆள், எதிர்க் கம்பெனி ஆல்பத்தில் விருந்தாளியாகப் போய் அடித்த ஹிட். 1985-ல் கொலம்பியா கடைசியாக ஒரு ஆல்பம் விட்டபோது, முன்பு வேண்டாம் என்று ஒதுக்கிய பாட்டுகளிலேயே சிலவற்றை எடுத்துக்கொண்டார்கள் என்று குறைப்பட்டார். கம்பெனி அப்போது டிவி நடிகர் மிஸ்டர் டி-யைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது வேறு அவருக்குக் கடுப்பு.

நிறுத்தினார் என்று சொல்லுங்கள். சோம்பல் என்று சொல்லாதீர்கள்.

ஜூன் 21

நேற்று எழுதியதைப் படித்தால் விதர்ஸ் ஏதோ பாவப்பட்ட ஆள் மாதிரி தொனிக்கிறது. அப்படியும் முழுசாகச் சொல்ல முடியாது. மனிதர் பிடிவாதக்காரர். சசெக்ஸ் பணம் தரவில்லை என்ற சண்டையில், தான் பதிவு செய்த ஒரு ஆல்பம் முழுவதையும் அழித்துவிட்டதாக அவரே சொல்லியிருக்கிறார். ஒரு ஆல்பம்! கோபத்தில் நாம் அலுவலகத்துக்கு மின்னஞ்சல் எழுதி, அனுப்பாமல் வைத்திருப்போமே, அவர் அனுப்புகிற ரகம்.

33 வயதில் வந்தவருக்கு அதிகாரிகளின் பேச்சைச் சகித்துக்கொள்ளும் பழக்கம் இல்லை என்றும் சொல்லலாம். 18 வயதில் வந்திருந்தால் வளைந்திருப்பார். வளைந்திருந்தால் இன்னும் பத்து ஆல்பம் வந்திருக்கும், அதில் எல்விஸ் பாட்டும் இருந்திருக்கும்.

ஜூன் 22

மேலே ஒருவர் "கடற்படையில் 9 வருடம் இருந்தவனுக்கா உத்தரவு கேட்கப் பழக்கமில்லை?" என்று கேட்டிருக்கிறார். நல்ல கேள்வி. பதில் இல்லை. அடுத்தவருக்கு வழி விடுகிறேன்.

ஜூன் 28

இழை எங்கெங்கோ போய்விட்டது, நானும் கொஞ்சம் தள்ளுகிறேன். 'லீன் ஆன் மீ' 1972 ஜூலையில் முதல் இடத்தில் இருந்த பாட்டு. சின்ன மின்பியானோ ஒன்று வாங்கி, சுரக்கட்டைகளில் விரலை வரிசையாக மேலே ஏற்றிக் கீழே இறக்கிக்கொண்டிருந்தபோது வந்த மெட்டு. பியானோ முதல் நாள் கற்கும் குழந்தையும் வாசிக்கும். அதனால்தான் பள்ளிக்கூடம், சர்ச் என்று எல்லா இடத்திலும் பாடுகிறார்கள்.

சொற்கள் எங்கிருந்து வந்தன என்பதற்கு அவர் சொன்ன பதில் ஸ்லாப் ஃபோர்க். லாஸ் ஏஞ்சலஸ் வந்த பிறகுதான், ஊரில் அடுத்த வீட்டுக்காரன் அடுத்த வீட்டுக்காரனுக்கு ஒத்தாசையாக இருந்தது நினைவுக்கு வந்ததாம். சுரங்க ஊரில் ஒருவருக்கு ஒன்று என்றால் மற்றவர் வராமல் முடியாது. அவர் குடும்பத்து ஆண்களில் சுரங்கத்துக்குள் இறங்காத முதல் ஆள் இவர்தான்.

'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' பாட்டில் வருவது அம்மாவைப் பெற்ற பாட்டி லூலா. அந்தப் பாட்டு வெறும் இரண்டு நிமிடம். 1996-ல் பிளாக்ஸ்ட்ரீட் குழுவின் 'நோ டிகிட்டி' ஆரம்பத்தில் வரும் அந்த முனகல் இதிலிருந்து எடுத்ததுதான். டிஸ்கோவில் ஆடினவர்களுக்குத் தாங்கள் ஒரு கிழவியின் கைகளுக்கு ஆடுகிறோம் என்று தெரிந்திருக்காது.

ஜூலை 5

'கிராண்ட்மாஸ் ஹேண்ட்ஸ்' நினைவுக்கு வந்ததால் ராயல்டி விஷயம். "உட்கார்ந்து வாங்கினார்" என்று கேள்வியில் ஒரு இளப்பம் தொனிக்கிறது. ஐயா, எழுதினது யார்? 'எய்ன்ட் நோ சன்ஷைன்', 'லீன் ஆன் மீ', 'யூஸ் மீ' எல்லாம் வரியும் மெட்டும் அவர் ஒருவரே. யார் பாடினாலும், யார் ஒரு துண்டை வெட்டி எடுத்தாலும் எழுதியவருக்குக் காசு போக வேண்டும், சட்டம் அப்படி. 1987-ல் கிளப் நூவோ குழு 'லீன் ஆன் மீ'யைத் திருப்பிப் பாடி முதல் இடம் பிடித்தபோது 1988 கிராமி எழுதியவர் என்ற முறையில் இவருக்கு வந்தது, வீட்டில் உட்கார்ந்தபடியே. மனைவி மார்சியா வியாபார நிர்வாகம் படித்தவர், பாட்டு உரிமைகளை நடத்தியது அவர்தான். பாடலாசிரியரையும் இசையமைப்பாளரையும் ஒரு தொகை கொடுத்து அனுப்பிவிடும் வழக்கத்தைப் பார்த்தே வளர்ந்த நமக்கு, பாட்டுக்காரர் வயதான காலத்தில் தன் பாட்டாலேயே வசதியாக இருந்தார் என்பது கொஞ்சம் உறுத்தத்தான் செய்யும்.

அந்தக் காலத்து சோல் பாடகர்களின் முடிவுகளை யோசித்துப் பாருங்கள். சாம் குக் 33 வயதில் சுடப்பட்டார். ஓட்டிஸ் ரெடிங் 26 வயதில் விமான விபத்து. டானி ஹாத்தவே 33. மார்வின் கே 45-ஆவது பிறந்த நாளுக்கு முந்தைய நாள் அப்பா கையால். உயிரைக் கொடுப்பதுதான் சோல் என்றால் கொடுத்தவர்கள் பட்டியல் போதுமான அளவு நீளமாக இருக்கிறது. ஒருவர் 81 வயதுவரை பிள்ளைகளோடு இருந்துவிட்டுப் போகட்டுமே.

ஜூலை 6

"அப்போ அல் கிரீன்?" என்று ஒருவர். அந்த சோல் பாடகர் பாதிரியாராகி சர்ச்சுக்குப் போனார், ஆனால் பாடிக்கொண்டே போனார். வேறு கேஸ்.

ஜூலை 12

எனக்கு இவரிடம் குறை ஒன்றும் இல்லையா என்றால், இருக்கிறது. 1974, 1975 ஆல்பங்களுக்குப் பிறகு ஓசை மெத்தென்று ஆகிவிட்டது. 'ஸ்டில் பில்' ஆல்பத்தில் ஜேம்ஸ் காட்சனின் டிரம்ஸும் ரே ஜாக்சனின் கிளாவினெட் என்ற மின்கீபோர்டும் 'யூஸ் மீ' பாட்டில் உறுமுகிற மாதிரி பின்னால் எதுவும் உறுமவில்லை. அந்த வாசிப்பாளர்கள் வாட்ஸ் 103-ஆம் தெரு என்ற இசைக்குழுவிலிருந்து வந்தவர்கள், அவர்களோடு இருந்தபோது இவர் சாதுவான ஆள் மாதிரி ஒலிக்கவே இல்லை. கொலம்பியாவை இவ்வளவு திட்டிவிட்டுச் சொல்கிறேன், மெத்தென்று ஆனதில் அவர் ரசனைக்கும் பங்கு இருக்கிறது. 'லவ்லி டே' எனக்குப் பிடிக்கும், ஆனால் அதை வைத்து விளம்பரம் எடுக்கலாம். 'யூஸ் மீ'யை வைத்து எடுக்க முடியாது.

1974-ல் முகமது அலி – ஃபோர்மன் குத்துச்சண்டைக்காகக் கின்ஷாசாவில் நடந்த கச்சேரியில் இவர் தனியாக ஒரு கிடாரோடு பாடுவதைப் பாருங்கள். ஜேம்ஸ் பிரவுன் வியர்த்துக் கொட்டிய அதே மேடை. கேள்வி கேட்ட வாசகருக்கு இரண்டு பேரையும் ஒரே இடத்தில் ஒப்பிட வசதியாக இருக்கும்.

ஜூலை 19

சிரிக்க ஒன்று. லாஸ் ஏஞ்சலஸில் கோழிக்கறியும் வாஃபிளும் விற்கும் ஒரு பிரபல கடையில் சாப்பிடப் போனார். பக்கத்தில் சர்ச்சிலிருந்து வந்த மாதிரி சில பெண்கள் இவர் பாட்டு ஒன்றைப் பற்றியே பேசிக்கொண்டிருக்கிறார்கள். நான்தான் பில் விதர்ஸ் என்று சொன்னார். நீ அவன் இல்லை, அவன் இதைவிடக் கறுப்பு என்று சொல்லிவிட்டார்களாம்.

2015-ல் கிளீவ்லாந்தில் ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் சேர்த்தார்கள், மேடையில் அறிமுகப்படுத்தியவர் ஸ்டீவி வொண்டர். குடியை விட்டவர்கள் கூடும் கூட்டங்களில் மேற்குலகத்திலேயே மிகப் பெரியது இதுவாகத்தான் இருக்கும் என்று விதர்ஸ் சபையைப் பார்த்துச் சொன்னார். 28 வயதுவரை வாய் திறக்கப் பயந்தவர். நான் இதை ரிவைண்ட் செய்து செய்து பார்த்தேன், பேச்சில் ஒரு தடங்கல் இல்லை. எனக்குப் பொறாமை.

ஜூலை 20

யாரோ 1985-க்குப் பிறகு எதுவுமே எழுதவில்லையா என்று கேட்டார்கள். எழுதினார். 2004-ல் ஜிம்மி பஃபெட் ஆல்பம் ஒன்றில் இவர் பாட்டு இரண்டு இருக்கிறது. பஃபெட் ரசிகர்கள் கடற்கரைத் தொப்பி போட்டுக்கொண்டு கேட்டிருப்பார்கள், அது வேறு விஷயம்.

ஆகஸ்ட் 2

எங்கிருந்து ஆரம்பிப்பது என்று கேட்டவருக்கு. தொகுப்பு ஆல்பங்களைத் தொடாதீர்கள். 1972 அக்டோபர் 6-ல் நியூயார்க் கார்னகி ஹாலில் நடந்த கச்சேரி ஆல்பத்தை எடுங்கள். பாட்டுக்கு முன்னால் நிறையப் பேசுகிறார், அதைத் தள்ளிவிடாதீர்கள். வியட்நாமில் வலது கை போன ஒரு பையனைப் பற்றிய பாட்டு அதில் இருக்கிறது, அவனைச் சந்தித்த கதையைச் சொல்லிவிட்டுப் பாடுகிறார். அந்தப் பாட்டுக்கு ஸ்டுடியோ வடிவம் தேடாதீர்கள், கார்னகியில் கேட்டாலே போதும். கடைசித் துண்டு 13 நிமிடத்துக்கு மேல் ஓடும், 'ஹார்லெம்' பாட்டில் ஆரம்பித்துக் கூட்டத்தைப் பாடவைத்து எங்கேயோ போய்விடுவார். பேருந்தில் கேட்டால் இறங்கும் இடத்தைத் தவறவிடுவீர்கள், ஞாயிற்றுக்கிழமையாகப் பார்த்துப் போடுங்கள்.